இருநூறு வாட் மாம்பழம்

விலையைக் கேட்டதும் தலை சுற்றியது. இருநூற்று நாற்பது டொலர். பேனா போன்ற சின்ன வேப், அதாவது மின்சிகரெட், இரண்டை வாங்கி, இரண்டையும் கைவிட்டு, மறுபடி சிகரெட்டிடமே சரணடைந்த என் கதையைக் கேட்டபின்தான் வோபர்ன் பகுதி வேப் கடைக்காரர் இந்த இருநூறு வாட் வேப் பெட்டியைக் கையில் தந்தார். பாதிச் செங்கல் அளவு கனம்.

இருபத்தேழு வருடப் பழக்கம். வீட்டில் பற்றவைக்க மாட்டேன், கார்தான் என் ராச்சியம். அந்த நாற்றத்துக்காகவே என் மனைவி, இருவருக்கும் டவுன்டவுனில் வேலை இருந்தும், வீடு இருக்கும் அஜக்ஸிலிருந்து தனியே ரெயிலில் போய்வந்தாள். மூன்று வருடம். சண்டை பிடித்திருந்தால் சமாளித்திருப்பேன். ஒன்றும் சொல்லாமல், ரெயில் நிலையத்துக்குப் போகும் பஸ்ஸைப் பிடிக்கத் தரிப்புக்கு நடப்பாள். அதுதான் வலித்தது.

மெஷினில் குறை இல்லாமலில்லை. உள்ளே ஊற்றும் நிக்கொட்டின் திரவத்தை மடமடவென்று குடிக்கும். விடும் புகையில் முன் கண்ணாடி மறைந்துவிடும் என்பதால் காரை நிறுத்திவிட்டுத்தான் இழுக்கவேண்டும். ஆனாலும் ஒரு இழுவையில் நெஞ்சு நிறைந்தது. சின்னதுகள் தராதது அதைத்தான். என்னே ஒரு பொருள்! ஆறு கிழமையாக, நாற்பத்திரண்டு நாளும், ஒரு சிகரெட்கூடத் தொடவில்லை. ஏற்கெனவே இரண்டு தரம் தோற்றவன் என்பதால், மனைவியிடம் மூச்சு விடவில்லை.

ஒரு சனிக்கிழமை சாமான் வாங்க அவளும் காரில் ஏறவேண்டி வந்தது. ஜனவரிக் குளிரிலும் வழக்கம்போல ஜன்னலை இறக்கப் போன அவள் கை பாதியில் நின்றது. மூக்கை உறிஞ்சினாள். திரும்பிப் பின் சீற்றைத் துழாவினாள். என் ஜாக்கெட்டையும் தூக்கிப் பார்த்தாள்.

"மாம்பழப் பெட்டியை எங்கை ஒளிச்சு வைச்சிருக்கிறியள்? இந்தக் குளிருக்கை ஆர் உங்களுக்கு மாம்பழம் வித்தது?"

சிரிப்பை அடக்கிக்கொண்டு மெஷினை எடுத்து நீட்டினேன். மாம்பழ வாசனைத் திரவம் என்றேன். ஆறு கிழமைக் கதையையும் சொன்னேன். அவள் அதை உருட்டி உருட்டிப் பார்த்துவிட்டு, எவ்வளவு என்று கேட்டாள். நான் எதை வாங்கினாலும் வீட்டில் பாதி விலைதான் சொல்வேன். அன்று முழு விலையையும் சொன்னேன். வாங்கிக் கட்டிக்கொள்ளத் தயாராக இருந்தேன்.

அவள் ஜன்னலைத் தொடவில்லை.

"திங்கக்கிழமை வேலைக்கு எத்தினை மணிக்கு வெளிக்கிடுறியள்? நானும் வாறன்."

ஆறரைக்கு என்றேன்.