கோட்டைக்குப் பின்னால் ஒரு முந்தானை

பள்ளி அலமாரியிலிருந்து, மாட்டினால் சுற்றிலும் படம் தெரிகிற அந்த விஆர் கண்ணாடியை எடுத்தால் முதலில் தேங்காயெண்ணெய் வாசனைதான் வரும். நெற்றியில் படுகிற பஞ்சில் பிள்ளைகளின் திருநீறும் குங்குமமும் ஏறிக் கிடக்கும். தினமும் அதைத் துடைத்து வைத்தவர் எங்கள் கம்ப்யூட்டர் டீச்சர். நான் வரலாறு எடுக்கிறவள். சதுரங்கப்பட்டினத்துப் பிள்ளைகளுக்கு டச்சுக்கோட்டை என்றால் பந்து பொறுக்கப் போய் வாட்ச்மேனிடம் திட்டு வாங்குகிற இடம், அவ்வளவுதான். அந்தக் கோட்டையைக் கண்ணாடிக்குள் கொண்டுவருகிறேன் என்று அவர் கிளம்பியபோது, கூப்பிடு தூரத்தில் இருப்பதற்கு இத்தனை பாடா என்று கிண்டல் செய்தேன்.

அதற்காக அவர் கொண்டுவந்தது எல்லாத் திசையையும் ஒரே நேரத்தில் பிடிக்கிற கேமரா. எடுக்கிறவருக்கு ஒளிய இடம் கிடையாது. டச்சுக்காரர்களின் கல்லறைகளுக்கு நடுவே அதை நிறுத்தி ஓடவிட்டு, என்னை மதிலுக்கு வெளியே துரத்திவிட்டு, இடிந்த செங்கல் சுவருக்குப் பின்னால் போய்க் குந்திக்கொண்டார். கடற்காற்று சும்மா இருக்குமா? வகுப்பில் முதலில் கண்ணாடி மாட்டிய பெண்ணே கோட்டைக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டாள்.

"மிஸ்ஸு அங்க ஒளிஞ்சிக்கினு கீறாங்க டீச்சர். முந்தானை பறக்குது."

அதன் பிறகு என் பாடத்தில் யாரும் கொட்டாவி விடவில்லை. முந்தானையைத் தேடிச் சுற்றியவர்கள், போகிறபோக்கில் கல்லறை எழுத்தையும் பார்த்துவிட்டு, யாரைப் புதைத்தார்கள் என்று என்னைத் துளைத்தெடுத்தார்கள்.

கடைசியில் அவர் எழுந்து நடந்து வந்து கேமராவை அணைப்பதும் பதிவாகியிருந்தது. அதை வெட்டிவிட்டார். இருந்தால் என்ன என்றேன். "வேணாம் டீச்சர், கோட்டையப் பாருன்னா என் மூஞ்சியப் பாத்துக்கினு இருப்பாங்க" என்று சிரித்தார்.

அடுத்த மழைக்காலத்தில் காய்ச்சல் என்று படுத்தவர் பிழைக்கவில்லை. போட்டோக்கள் இருக்கின்றன. ஆனால் எனக்கு அவர் நடந்து வரவேண்டும். அவர் இடத்துக்கு வந்த தம்பி, அந்தச் சேலையை அழித்துப் படத்தைச் சுத்தமாக்கித் தரட்டுமா என்று நல்ல மனதோடுதான் கேட்டார். நான் வேண்டாம் என்ற வேகத்தில் பயந்தேபோனார். வெட்டிய துண்டு எங்காவது கிடைக்குமா என்றேன். கம்ப்யூட்டர் முழுக்கத் தேடிவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

இன்று பிள்ளைகள் போனதும் கண்ணாடியை மாட்டிக்கொண்டேன். பஞ்சில் அதே எண்ணெய் வாசனை. கோட்டைக்கு முதுகைக் காட்டி நின்றேன். சுவரோரம் நீல முந்தானை படபடத்துக்கொண்டே இருந்தது. பிறகு யாரோ இழுத்ததுபோல் உள்ளே போனது. எழுந்திருப்பதற்காக இடுப்பில் செருகிக்கொள்கிறார். அந்த இடத்தில் படம் முடிந்துவிடுகிறது.

மறுபடியும் முதலிலிருந்து ஓடவிட்டேன்.