மிக்தாலியா கை தூக்கினால்

பினார் தெல் ரியோ ஊர்க்காரர்களிடம் மிக்தாலியாவுக்குப் பிடித்த புத்தகம் எது என்று கேட்டால் கொஞ்சம் யோசிப்பார்கள். பிடிக்காத புத்தகம் எது என்று கேட்டால் உங்களுக்கு ஒரு நாற்காலி போடுவார்கள், அவ்வளவு நேரமாகும். சுருட்டு ஆலையில் முப்பத்தோரு வருடம் இலை சுற்றியவள் அவள். இருநூறு புத்தகங்களுக்கு மேல் கேட்டவள். கேட்டவள் என்றுதான் சொல்ல வேண்டும். கண்ணால் படித்தவை ஒரு கை விரல்களுக்குள் அடங்கும்.

ஆலையில் கைக்கு வேலை உண்டு, காதுக்கு இல்லை. அதனால் கூடத்தின் நடுவே ஒரு மேடை, மேடையில் ஒரு நாற்காலி, நாற்காலியில் வாசிப்பவர். காலையில் செய்தித்தாள், மதியத்துக்கு மேல் புத்தகம். எந்தப் புத்தகம் என்பதைச் சுருட்டு சுற்றுகிறவர்களே முடிவு செய்வார்கள். வாசிப்பவர் மூன்று புத்தகங்களைக் கொண்டுவந்து ஒவ்வொன்றிலும் பத்துப் பக்கம் வாசிப்பார், பிறகு கை தூக்கச் சொல்லி எண்ணுவார். வாசிப்பு பிடித்தால் இலை வெட்டும் பிறைக் கத்தியைப் பலகையில் தட்டுவார்கள். பிடிக்காவிட்டால் கத்தி தரையில் விழும். அந்தச் சத்தத்துக்குப் பயந்து வேலையை விட்டு ஓடியவர்கள் இரண்டு பேர்.

ஓட்டு என்பதெல்லாம் பேருக்குத்தான். கூடத்தில் இருக்கும் எண்பது பேரும் முதலில் பார்ப்பது மிக்தாலியாவின் கையை. அவளுக்கு இந்த வகை, அந்த வகை என்று கிடையாது. கடல் கொள்ளைக்காரர் கதையை அடுத்துப் பார்வை போன ஒரு கண் வைத்தியரின் வாழ்க்கை, அதை அடுத்துக் கொலைக்குத் துப்பு என்று எதையும் எடுப்பாள். ஒருமுறை தேனீ வளர்ப்பு பற்றிய புத்தகம் வந்தபோது எல்லோரும் சிரித்தார்கள். அவள் கை தூக்கினாள். மூன்றாவது வாரம் ராணித் தேனீ சாகும்போது கூடமே மூக்கைச் சிந்தியது.

படத்திலும் அதே கதைதான். பக்கத்து வீட்டு யுனியெஸ்கி, தலைநகரிலிருந்து வாராவாரம் வரும் பொட்டலத்தை, அதாவது ஒரு டிஸ்க் நிறையப் படங்களையும் தொடர்களையும், வீடு வீடாக நகலெடுத்துக் கொடுப்பவன். தெருவுக்குள் நுழைவதற்கு முன் அவளிடம் வந்துவிடுவான்.

“அத்தே, இந்த வாரம் எது தேறும்?”

“கொரியாக்காரி அழுவுறது குப்பை. பேய்ப் படம் ரெண்டும் குப்பை, பேயே வெக்கப்படும். ஓநாயைப் பத்தி ஒண்ணு இருக்கு பாரு, அதை எடு. மத்ததைத் தொட்ட கையைக் கழுவு.”

லிசாண்ட்ரோ ஆறு வருடங்களுக்கு முன் வாசிக்க வந்தார். உள்ளூர் வானொலி நாடகங்களில் நடித்தவர். மழமழவென்ற கன்னம், கழுத்தில் வாசனைத் தண்ணீர். குரல் மட்டும் வெண்ணெய். அவர் ‘மழை பெய்தது’ என்று வாசித்தால் ஜன்னலோரம் இருப்பவர்கள் இலையை மூடுவார்கள். மிக்தாலியாவே முகம் சுளிக்காமல் கேட்ட ஒரே மனிதர் அவர்.

போன வசந்தத்தில் அவர் வாசித்தது ஓர் ஆற்றுப் படகோட்டியின் விதவையின் கதை. பெயர் அம்பாரோ. கையில் குழந்தை, கரையில் பரிசல், அக்கரையில் பாலம் கட்ட வந்த எஞ்சினியர். இரண்டு மாதம் ஓடியது. குழந்தைக்குக் காய்ச்சல் வந்து பிழைத்த அன்று ஒரு மாதிரி தட்டினார்கள் என்றால், எஞ்சினியர் அம்பாரோவைக் கட்டிக்கொண்ட அன்று தட்டிய தட்டில் கூரைப் புறாக்கள் பறந்துபோயின. மிக்தாலியாவின் பலகையில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது.

அதே கதை படமாக எடுக்கப்பட்டு ஒருநாள் பொட்டலத்தில் வந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம் மிக்தாலியா தெருவையே வீட்டுக்குக் கூப்பிட்டாள். “வந்து பாருங்க, கதைன்னா என்னன்னு தெரியும்” என்று சொல்லித்தான் கூப்பிட்டாள். பதினைந்து பேர் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். படத்தில் குழந்தை செத்தது. எஞ்சினியர் வேறொரு பணக்காரியோடு போனான். அம்பாரோ பரிசலைக் கொளுத்திவிட்டுத் தனியாக நடந்தாள்.

“த்தூ!” என்று எழுந்தாள் மிக்தாலியா. “அணைடா அதை! நல்ல கதையைக் கொண்டுபோய்ச் சாக்கடையில முக்கி எடுத்திருக்கானுங்க. வாந்தி வருது.”

அவளுக்கு அடுத்த பலகையில் சுருட்டு சுற்றும் ஃபெர்மின் கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னான்: “எனக்கு இதுதான் நெசம்னு படுது மிக்தா.”

“உனக்கு என்னடா தெரியும்? புத்தகத்தைக் கேட்டவதானே நான்!”

“நானுந்தான் கேட்டேன்.”

சும்மா விடுவாளா? மறுநாளே நூலகத்துக்குப் போய்ப் புத்தகத்தை வாங்கி வந்தாள். ஃபெர்மின் மூஞ்சியில் பக்கத்தைத் தேய்க்க வேண்டும் என்பது அவள் எண்ணம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விரலை வரிக்கு அடியில் வைத்துக்கொண்டு, பதினோரு நாள் படித்தாள். ஒன்பதாம் அத்தியாயத்தில் குழந்தை செத்தது. அடுத்த ஆறு அத்தியாயங்களில் கல்யாணம் என்ற சொல்லே இல்லை. படம் பொய் சொல்லவில்லை.

அவள் கண்ணாடியைக் கழற்றி வைத்தாள். இந்த ஒன்று மட்டுமா? ஆறு வருடத்தில் லிசாண்ட்ரோ வாசித்தது நாற்பத்து மூன்று புத்தகங்கள். அந்தத் துப்பறியும் கதையில் நிஜமாகக் கொலை செய்தவன் யார்? கண் வைத்தியர் கடைசியில் பார்வை பெற்றாரா, இல்லையா? யாருடைய கதைகளை அவள் இத்தனை நாளாகத் தலையில் சுமந்துகொண்டு திரிகிறாள்? அந்த வெண்ணெய்க் குரலை நினைக்க நினைக்க அருவருப்பாக இருந்தது.

காலையில் ஆலை வாசலில் காப்பி குடித்துக்கொண்டிருந்த லிசாண்ட்ரோவின் முன்னால் புத்தகத்தை நீட்டினாள்.

“என்ன வாத்தியாரே இது?”

அவர் பதறவில்லை. கோப்பையைக் கீழே வைத்தார். “படிச்சிட்டியா?”

“படிச்சேன். செத்த குழந்தையை எழுப்பி, ஓடிப்போனவனை இழுத்தாந்து கட்டி வெச்சிருக்க. நீ என்ன, கடவுளா?”

“வந்த புதுசுல ஒரு புத்தகத்துல உள்ளபடியே ஒரு சாவைப் படிச்சேன் மிக்தா. ஒரு கத்திகூடத் தட்டல. அடுத்ததுல பொழைக்க வெச்சேன். மொதல்ல தட்டினது யாரு? யோசிச்சுப் பாரு.”

அவள் யோசிக்க வேண்டியதில்லை.

“கூடத்துல சொல்லப்போறேன்.”

“சொல்லு. என் வேலை போகும். அதோட நிக்காது. ஆறு வருஷமா இந்தப் பொய்யையெல்லாம் மணக்குதுன்னு சொன்ன மூக்கு யாருதுன்னும் கேப்பாங்க. நாளைக்கு உன் கையை யாரு பாப்பா?”

“சீ! மனுசனா நீ?” என்று காறித் துப்பிவிட்டு உள்ளே போனாள். சொல்லத்தான் போகிறாள். நல்ல இலையைத் தேர்ந்தெடுத்து விரித்தாள். மதியம் புத்தகம் வாசிக்க அவர் மேடையில் ஏறியதும் எழுந்து நின்று சொல்லிவிட வேண்டும்.

ஆனால் லிசாண்ட்ரோ முந்திக்கொண்டார். மேடையேறி ஒலிவாங்கியைத் தட்டிப் பார்த்து, வானொலிக் குரலில் ஆரம்பித்தார். “தோழர்களே, அம்பாரோ படத்தைச் சிலர் பார்த்திருக்கீங்க. அச்சிட்ட புத்தகத்துல முடிவு கொஞ்சம் வேற. உங்க மனசு நோகக் கூடாதுன்னு நான்தான் கொஞ்சம் சுருக்கினேன். அந்தக் கடைசி அத்தியாயங்களை உள்ளபடி கேக்கணும்னு யாராவது நெனச்சா இப்பவே கை தூக்குங்க. நாளைக்கே படிக்கிறேன்.”

கொஞ்சம் சுருக்கினாராம். இந்த ஒன்றில் மட்டுமாம்.

எண்பது ஜோடிக் கண்கள் மிக்தாலியாவின் கைக்குத் திரும்பின. ஃபெர்மினின் கை காது வரைக்கும் வந்துவிட்டது. அங்கேயே நின்று அவளைப் பார்த்தது.

அவள் தூக்கினால் எல்லோரும் தூக்குவார்கள். உள்ளபடி கேட்பார்கள். கேட்டு முடித்ததும் யாராவது ஒருவன், ‘அப்போ மத்த நாப்பத்திரண்டு?’ என்பான். அதற்கடுத்த கேள்வி அவளைப் பார்த்து வரும். முப்பத்தோரு வருடத்தில் அவளுக்கு என்று ஆலை கொடுத்தது ஒன்றே ஒன்றுதான், அவள் கைக்கு இருக்கும் மதிப்பு. அதை இந்த வாசனைத் தண்ணீர்க்காரன் தன் பொய்களோடு சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டான்.

அவளுடைய கை இலையின் மேல் கிடந்தது. விரல்கள் சுற்றிக்கொண்டே இருந்தன. சுருட்டு கொஞ்சம்கூடக் கோணவில்லை. அந்த விரல்களை வெட்டி எறியலாம் போலிருந்தது. ஆனால் தூக்கவில்லை.

ஃபெர்மின் காதைச் சொறிந்துவிட்டுக் கையைக் கீழே இறக்கினான்.

“யாரும் இல்லையா? நல்லது,” என்றார் லிசாண்ட்ரோ. பையிலிருந்து மூன்று புதிய புத்தகங்களை எடுத்து ஒவ்வொன்றிலும் பத்துப் பக்கம் வாசித்தார். ஒரு மலையேறியின் நாட்குறிப்பு, ஒரு சர்க்கஸ் குடும்பத்தின் கதை, ஒரு விஷக் கொலை. அழகாகத்தான் வாசித்தார், பாவி.

ஃபெர்மின் அவள் பக்கம் சாய்ந்தான். “எது தேறும் மிக்தா?”

“ரெண்டாவது,” என்றாள்.

“சர்க்கஸா? கடைசியில நல்லபடியா முடியுமா?”

அவள் சுருட்டின் நுனியை வெட்டினாள். “முடிச்சு வெப்பாரு,” என்று சொல்லிக் கையைத் தூக்கினாள். கூடத்தில் எண்பது கைகளும் மேலே போயின.