என் கழுத்து ஊக்கை யார் எண்ணுவது?

பேண்டேஜ் கம்பெனியில் துணி மடிக்கிற வேலை சுலபம். துணி வாயைத் திறந்து பேசாது. மடிக்கிறவர்களைப் பார்த்துக்கொள்கிற வேலைதான் கஷ்டம். அவர்களும் நம்மிடம் வாயைத் திறக்க மாட்டார்கள். நேற்றுவரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு இன்று மேலாளாகி விழித்தவர்கள், எந்தத் தொழிலில் இருந்தாலும், நான் படும் பாட்டைப் புரிந்துகொள்வீர்கள்.

எங்களுடையது இராஜபாளையத்தில் ஒரு சின்ன கம்பெனி. காயத்தில் வைத்துக் கட்டுகிற காஸ் துணியை வெட்டி, மடித்து, பெட்டியில் அடைத்து ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்புகிறோம். எட்டு வருஷம் மடிப்பு மேஜையில் இருந்த என்னைச் சூப்பர்வைசர் ஆக்கினார்கள். எனக்குக் கீழே பன்னிரண்டு பெண்கள். மேனேஜர் வாழ்த்துக்கூடச் சொல்லவில்லை. "மூணு மாசம் பாப்போம் கோமதி. சரிவரலைன்னா பழைய மேஜை இருக்கவே இருக்கு."

ஜன்னலோர இடம்

நானும் செல்வியும் ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்துக்காரிகள். எட்டு வருஷமாக ஒரே பஸ், ஒரே சீட்டு. ஜன்னலோரம் அவளுக்கு; காற்று படாவிட்டால் அவளுக்குக் குமட்டும். மேஜையிலும் அடுத்தடுத்த இடம்தான். என்னை அவள் பேர் சொல்லிக் கூப்பிட்டதைவிட 'ஏட்டி' என்று கூப்பிட்டதுதான் அதிகம்.

பதவி வந்த மறுநாள் வழக்கம்போல் பஸ் ஏறினேன். என்னைக் கண்டதும் செல்வி சட்டென்று எழுந்துகொண்டாள். கேலி செய்கிறாள் என்று நினைத்துச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. "மேடம் உக்காருங்க. நான் நின்னுக்கிட்டே வாரேன்."

உள்ளே எத்தனை, வெளியே எத்தனை

எங்கள் பக்கத்துப் பெண்கள் தாலிச் சங்கிலியில் இரண்டு மூன்று ஊக்காவது கோத்து வைத்திருப்போம். காலில் முள் தைத்தால், செருப்பு வார் அறுந்தால், ஜாக்கெட் கொக்கி போனால், எல்லாவற்றுக்கும் கை கழுத்துக்குத்தான் போகும். ஆனால் அதில் ஒன்று கழன்று துணி மடிப்புக்குள் விழுந்தால், போய்ச் சேருகிற இடம் யாரோ ஒருவருடைய காயம். பெரிய கம்பெனிகளில் இதைக் கண்டுபிடிக்க மெஷின் உண்டு. எங்களிடம் அதுவும் கிடையாது.

கழற்றி வைத்துவிட்டு வரச் சொன்னால் முகத்தைச் சுளித்தார்கள். அதனால் நான் ஒரு நோட்டுப் போட்டேன். உள்ளே வரும்போது ஆளுக்கு எத்தனை ஊக்கு, வெளியே போகும்போது எத்தனை என்று எண்ணி எழுதினேன். பன்னிரண்டு பேரையும் எழுதி முடித்துப் பெருமையாக நோட்டை மூடினேன். எங்களில் மூத்தவரான லூர்து அக்கா மட்டும் நகரவில்லை. "எல்லாரு கழுத்தையும் பாத்துட்டே. உன் கழுத்தை யாரு பாப்பாங்க?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். எழுதவில்லை.

பொரித்த மீன்

மத்தியானம் பன்னிரண்டு டிபன் பாக்ஸும் நடுவில் திறந்திருக்கும். யார் கை யார் பாக்ஸில் என்று கணக்கே கிடையாது. நான் போய் உட்கார்ந்தால் கைகள் அவரவர் பாக்ஸுக்குத் திரும்பிவிடும், பேச்சும் நின்றுவிடும். ஒரு வாரம் என் புளியோதரையை நான் மட்டுமே தின்றேன். எட்டாம் நாள் லூர்து அக்கா பொரித்த மீன் துண்டு ஒன்றை என் பாக்ஸில் வைத்தார். "தின்னு. சூப்பர்வைசருக்கும் வயிறுன்னு ஒண்ணு இருக்கும்லா."

மேஜைக்கு அடியில்

இரண்டாம் மாதம் கூட்டிப் பெருக்கியபோது, செல்வியின் மேஜைக்கு அடியில் ஒரு பொட்டலம் அகப்பட்டது. எண்ணெய்க் கறை பட்ட துணிகள். வெட்டும் மெஷினில் எண்ணெய் ஒழுகி நாலு நாளாகியிருந்தது. பன்னிரண்டு பேருக்கும் தெரியும். எனக்கு மட்டும் தெரியாது. கறைத் துணியைத் தூக்கிப் பிடித்து, எல்லார் முன்னாலும் "இது என்ன?" என்று கத்தினேன். எனக்கு முன்னால் இருந்த சூப்பர்வைசர் இப்படித்தான் தூக்கிப் பிடிப்பார். அவருக்குப் பயந்து நானும் இதே இடத்தில் ஒளித்து வைத்திருக்கிறேன். கத்தி முடித்த பிறகுதான் அது நினைவுக்கு வந்தது. வெட்கமாக இருந்தது.

செல்வி நிதானமாகத்தான் பதில் சொன்னாள். "சொன்னாலும் ஏச்சு, அகப்பட்டாலும் ஏச்சு. சொல்லாம இருந்தா அகப்படுத வரைக்குமாவது நிம்மதி, மேடம்."

இரண்டுதான் இருந்தது

மூன்றாம் மாதம் ஒரு சனிக்கிழமை. இரண்டு பேர் லீவு. நானும் வேலைக் கோட்டு மாட்டிக்கொண்டு காலையிலிருந்து மேஜையில் குனிந்து மடித்தேன். நாலு மணிக்கு வாசலில் வேன் வந்து நின்றது. நாற்பது பெட்டி தயார். கை கழுவும்போது கழுத்தைத் தொட்டேன். காலையில் மூன்று ஊக்கு இருந்தது. இப்போது இரண்டு.

தரையிலும் கோட்டிலும் தேடினேன். இல்லை. என் கணக்கு நோட்டில் கிடையாது, யாருக்கும் தெரியப்போவதில்லை. ஒரு டீ குடிக்கிற நேரம், சொல்லாமல் இருந்துவிடலாமா என்று யோசித்தேன். இதை மறைத்து எழுதினால் நீங்கள் நம்ப மாட்டீர்கள். பிறகு நோட்டைத் திறந்து எல்லார் முன்னாலும் எழுதினேன்: கோமதி, உள்ளே மூன்று, வெளியே இரண்டு. மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். அவர் வேனைத் திருப்பி அனுப்பிவிட்டு, என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போனார்.

வேலை நேரம் முடிந்தது. யாரையும் இருக்கச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தனியாக முதல் பெட்டியைப் பிரித்தேன். இரண்டாவதை லூர்து அக்கா பிரித்தார். மூன்றாவதைப் பிரித்தது செல்வி. பஸ்ஸை விட்டுவிட்டுப் பத்துப் பேரும் உட்கார்ந்து மடிப்பு மடிப்பாகத் தடவிப் பார்த்தார்கள். முப்பத்தோராவது பெட்டியில் செல்வியின் கை நின்றது. அவள் அதைத் தூக்கிப் பிடிக்கவில்லை. மூடிய கையோடு எழுந்து வந்து, என் உள்ளங்கையில் வைத்து அழுத்தினாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"ஏட்டி, பிடி. போன வாரம் எனக்கும் ஒண்ணு குறைஞ்சிச்சு, நீ சரியா எண்ணல. வீட்டுலதான் கிடந்துச்சு. ஆனா அது கிடைக்குத வரைக்கும் ரெண்டு நாளு நான் தூங்கல. இனிமே காணலைன்னா உன்கிட்ட ஓடி வந்து சொல்லிருவேன்."

மேனேஜர் என் சோதனைக் காலத்தை இன்னும் மூன்று மாதம் நீட்டியிருக்கிறார். நோட்டில் முதல் வரி இப்போது என் பெயர், என் கழுத்தில் ஊக்கு ஒன்றுகூடக் கிடையாது, பஸ்ஸில் ஜன்னலோர இடத்தையும் ஒரு வார்த்தை கேட்காமல் செல்வி பிடுங்கிக்கொண்டாள்.