குளத்து வழியை அடைத்தவள்

மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தப் பூங்காவில் பாதைகளைச் சரிசெய்கிற தொண்டு வேலை நடக்கும். யார் வேண்டுமானாலும் போகலாம். கூலி கிடையாது, தேநீர் உண்டு. அந்தக் கூட்டத்தில் அவளுக்குத் தலையணை அக்கா என்று பெயர். தலையணை உறை தைக்கிற பட்டறையில் வேலை பார்க்கிறவள். மண்டி போட்டு வேலை செய்தால் முழங்கால் விட்டுப்போகுமே என்று, முதல் நாளே மிச்சத் துணியில் பஞ்சு அடைத்து ஒரு குட்டி மெத்தை தைத்துக்கொண்டு வந்திருந்தாள். அக்கா தூங்க வந்திருக்கு போல என்று ஒருத்தர் சொல்ல, எல்லாரும் சிரித்தார்கள். அடுத்த மாதம் சிரித்தவர்களுக்கும் சேர்த்துத் தைத்துக்கொண்டு வந்தாள். கேலி நின்றுபோனது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

அவள் எதற்காக வந்தாள் என்பது அவளுக்கும் ஆண்டவனுக்கும்தான் தெரியும்.

அவள் வீட்டுக்காரர் ரோடு போடுகிற வேலையில் இருந்தவர். தாரும் ஜல்லியுமாகவே வயசெல்லாம் போனது. ஓய்வு பெற்று வந்த கொஞ்ச காலத்திலேயே மறதி பிடித்துக்கொண்டது. முதலில் சாவியை மறந்தார், அப்புறம் தெருப் பெயரை மறந்தார், அப்புறம் செத்துப்போன தம்பிக்குச் சாப்பாடு எடுத்து வைக்கச் சொன்னார். ஆனால் கால் மட்டும் சும்மா இருக்காது. விடிந்ததும் கிளம்பிவிடுவார். வீட்டுக்குப் பின்னால்தான் பூங்கா. உள்ளே எந்தப் பாதையில் போனாலும் அது சுற்றிக்கொண்டு வந்து வாசல் கேட்டிலேயே விட்டுவிடும். அதனால் அவள் பயப்படாமல் பட்டறைக்குப் போய்வந்தாள்.

ஒரே ஒரு வழிதான் அப்படி இல்லை. அது யாரும் போட்ட பாதை இல்லை, ஜனங்கள் குறுக்கே நடந்து நடந்து தானாக உண்டானது. பெரிய பாதையிலிருந்து பிரிந்து, சரிவில் இறங்கி, நேராகக் குளத்தில் போய் முடியும். ஒரு நாள் நடைப்பயிற்சிக்கு வந்தவர்கள் அவரை அந்தக் குளத்தில் இடுப்பளவு தண்ணீரில் பார்த்தார்கள். கரைக்குக் கொண்டுவந்து கேட்டதற்கு, பள்ளத்தில் தண்ணீர் நிற்கிறது, வடித்துவிடாவிட்டால் ரோடு கெட்டுப்போகும் என்றாராம்.

கதவைப் பூட்டிவிட்டுப் போ என்று மகள் வெளியூரிலிருந்து போனில் சொன்னாள். இவளும் ஒரு நாள் பூட்டிப் பார்த்தாள். சாயங்காலம் வந்து திறந்தால், கதவைத் தட்டித் தட்டி அவர் கைவிரல் முட்டியெல்லாம் தோல் உரிந்து கிடந்தது. வெயிலிலும் மழையிலும் நின்று சம்பாதித்துப் போட்ட கை. அந்தக் கைக்கு மருந்து போட்டுக்கொண்டே, இனி பூட்டுவதில்லை என்று முடிவு செய்தாள். அன்றைக்கு விளக்குக்கு முன்னால் உட்கார்ந்து ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். கடவுளே, எத்தனையோ மறக்கிறார், அந்தக் குளத்து வழியையும் மறந்துவிடட்டும்.

வேண்டிக்கொண்டு சும்மா இருக்கவில்லை. தொண்டு வேலைக்குப் போய்ச் சேர்ந்தாள்.

கூட்டத்துக்குத் தலைவர் ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். எல்லாருக்கும் டிரைவர் அண்ணன். அடுத்து எந்த வேலையை எடுக்கலாம் என்று அவர் கேட்டபோது, அவள்தான் வாய் திறந்தாள். குளத்துப் பக்கம் மண் அரித்துப் போகிறது, மரத்து வேரெல்லாம் வெளியே தெரிகிறது, அந்தக் குறுக்கு வழியை அடைத்தால் தேவலை என்றாள். சொன்னது பொய்யில்லை. ஆனால் அவள் மனதில் இருந்தது மண்ணும் இல்லை, வேரும் இல்லை.

ஒரு வழியை அடைக்கிறது என்றால் குறுக்கே ரெண்டு கட்டையைப் போட்டுவிட்டு வருகிற வேலை இல்லை. மிதிபட்டு இறுகின மண்ணைக் கடப்பாரையால் குத்திக் கிளறிவிட வேண்டும், அப்போதுதான் புல் பிடிக்கும். அப்புறம் காய்ந்த கிளைகளைக் கொண்டுவந்து, அடிப்பக்கத்தை மண்ணில் புதைத்து, புதர் மாதிரி நிற்க வைக்க வேண்டும். அதன்மேல் சருகு. கடைசியில் டிரைவர் அண்ணன் எல்லாரையும் வழி பிரிகிற இடத்தில் நிற்க வைத்து, கண் அந்தப் பக்கம் போகிறதா பாருங்கள் என்பார். கண் போனால் கால் போகும் என்று இன்னும் சருகு போடச் சொல்வார்.

அன்றைக்கு எல்லாரும் தேநீர் குடிக்கப் போனபிறகும் அவள் சருகு அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள். இப்படி அடைத்தால் எறும்புகூட வழி கேட்டுத்தான் போகணும் என்று டிரைவர் அண்ணன் சிரித்தார். அவளுக்கும் சிரிப்பு வந்தது. அன்று ராத்திரி நன்றாகத் தூங்கினாள்.

மறுநாள் அவள் பட்டறையிலிருந்து வந்தபோது, அவர் உள்ளங்கை முழுக்கக் கீறல். சட்டையில் சருகுத் தூள். சோறு போட்டதும் இன்னும் கொஞ்சம் போடு என்றார். அந்த வார்த்தையைக் கேட்டு மாதக்கணக்காகிறது.

"எங்க போயிருந்தீங்க?"

"வேலைக்குத்தான். ரோட்டுல மரம் விழுந்து கிடந்துச்சு. ஒருத்தனையும் காணோம், நானே எடுத்துப் போட்டேன்."

அவள் தட்டைக்கூடக் கழுவாமல் பூங்காவுக்கு ஓடினாள். வழி பிரிகிற இடத்தில் கிளைகளையெல்லாம் பிடுங்கி, பெரிசு பெரிசோடும் சிறிசு சிறிசோடுமாக, அடிப்பக்கம் எல்லாம் ஒரே பக்கம் பார்க்க, ஓரத்தில் அடுக்கி வைத்திருந்தார். பாதியளவுக்கு வழி திறந்திருந்தது. மீதியை எடுப்பதற்குள் மதியம் ஆகிப் பசி வந்திருக்க வேண்டும், வீட்டுக்குத் திரும்பியிருக்கிறார். குளம் வரைக்கும் போகவில்லை.

அவள் அங்கேயே உட்கார்ந்து அழுதாள். அப்புறம் எழுந்து, ஒவ்வொரு கிளையாக எடுத்து மறுபடி நட்டாள்.

அன்றிலிருந்து அதுவே வழக்கமாகிவிட்டது. காலையில் அவர் எடுத்துப் போடுவார், முடிவதற்குள் பசித்து வீடு திரும்பிவிடுவார், சாயங்காலம் பட்டறை விட்டு வருகிற வழியில் அவள் திரும்ப அடைப்பாள். புருஷனும் பெண்டாட்டியும் ஒருத்தர் செய்ததை ஒருத்தர் கலைத்தபடி. அவருக்குத் தினம் மரம் விழுந்தது. அரசாங்கம் தூங்குது, என் தலையில கட்டிட்டானுங்க என்று திட்டுவார். திட்டும்போது முகத்தில் பழைய களை வரும். "சீக்கிரம் படு, காலையில வேலைக்குப் போகணும்டி" என்பார். டி போட்டு அவளைக் கூப்பிட்டு எத்தனை காலம். அவள் இடுப்பு ஒடிந்தது, ஊசி கோர்க்கக் கை நடுங்கியது. ஆனாலும் அந்த நாட்களில் வீட்டில் ஒரு ஆண்பிள்ளை இருந்தார்.

அந்தப் பழைய வேண்டுதலை மட்டும் அவள் திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை. மறந்தே போனாள்.

அடுத்த மாதம் தொண்டு வேலைக்குப் போன ஞாயிறு, அடைப்பைக் கலைத்துக் கலைத்து நட்டிருப்பதைக் கூட்டத்தில் கண்டுபிடித்துவிட்டார்கள். காலிப்பசங்க வேலை, முள்கம்பி வேலி போடச் சொல்லி பூங்கா ஆபீசில் எழுதிக் கொடுப்போம் என்று பேச்சு வந்தது. முள்கம்பி என்றதும் அவளுக்கு அந்தத் தோல் உரிந்த கைதான் கண்ணுக்கு முன்னால் வந்தது. டிரைவர் அண்ணனைத் தனியாகக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னாள். குளத்தில் நின்றது முதல், அவள் மண் அரிப்பைக் காரணம் காட்டியது வரைக்கும்.

டிரைவர் அண்ணன் அன்று காலை ஓரத்தில் அடுக்கப்பட்டிருந்த கிளைகளைப் பார்த்தார்.

"நானும் நினைச்சேன் அக்கா. காலிப்பய இவ்வளவு ஒழுங்கா அடுக்கமாட்டானே." ஒரு கிளையைத் தூக்கிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "கிளை போதாது. இன்னும் ரெண்டு வண்டி கொண்டுவந்து போடச் சொல்றேன். மனுஷனுக்கு வேலை குறையக் கூடாது."

வேலிப் பேச்சு அதோடு நின்றது. கிளைகள் வந்து இறங்கின.

மழைக்காலம் வந்தது. அவர் நடை குறைந்தது. கீறல் குறைந்ததை அவள் கவனித்தாள், மழையால்தான் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். சாயங்காலம் போய்ப் பார்த்தால் ரெண்டு கிளைதான் எடுத்திருப்பார். ஒரு நாள் ஒன்றுமே எடுத்திருக்கவில்லை. அடைப்பதற்கு வேலை இல்லாமல் வெறுங்கையோடு அங்கே நின்றவளுக்கு என்னவோ செய்தது. ஒரு கிளையைத் தானே பிடுங்கிப் பாதையில் குறுக்கே கிடத்திவிட்டு வந்தாள். நாளைக்கு இதைப் பார்த்தாலாவது எடுப்பார்.

மறுநாள் பட்டறைக்கு லீவு சொல்லிவிட்டு அவருக்குப் பின்னாலேயே போனாள். மழை விட்டு மரமெல்லாம் சொட்டிக்கொண்டிருந்தது. வழி பிரிகிற இடத்துக்கு வந்ததும் அவர் நின்றார். அவர் குறுக்கே கிடந்த கிளையைப் பார்த்தார். சருகைப் பார்த்தார். கிளையைச் சுற்றிக்கொண்டு பெரிய பாதையிலேயே நடக்கத் தொடங்கினார்.

அவளால் தாங்க முடியவில்லை. ஓடிப்போய் முன்னால் நின்றாள்.

"என்னங்க, மரம் விழுந்து கிடக்கே. எடுக்கலையா?"

அவர் அவளைப் பார்த்தார். மரியாதையாக ஒரு அடி ஒதுங்கி நின்றார். அவள் கையில் இருந்த கீறலையும் நகத்துக்குள் ஏறியிருந்த மண்ணையும் பார்த்துவிட்டு, வேலை தெரிந்த ஆள் இன்னொரு ஆளிடம் பேசுகிற மாதிரிச் சொன்னார்.

"நீங்கதான் அடைச்சீங்களாம்மா? நல்லா அடைச்சிருக்கீங்க. இங்க வழி இருந்ததுன்னு யாருக்கும் தெரியாது."

அவள் தலையை ஆட்டினாள். கேட்டது கிடைத்துவிட்டது. கடவுளுக்கு நன்றி சொல்ல வேண்டும் என்றுகூடத் தோன்றியது, ஆனால் வாய் வரவில்லை. வீடு எந்தப் பக்கம் என்று அவர் கேட்டார். தானும் அந்தப் பக்கம்தான் போவதாகச் சொல்லி, அவள் கூடவே நடந்தாள்.

இப்போதும் முதல் ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் போகிறாள். அவரையும் கூட்டிக்கொண்டு போய், அவள் தைத்த மெத்தை ஒன்றைப் போட்டு பெஞ்சில் உட்கார வைக்கிறாள். அவர் எங்கேயும் எழுந்து போவதில்லை. போன முறை டிரைவர் அண்ணன் அவளைக் கூப்பிட்டு, குளத்து வழியில் புல் பிடித்துவிட்டது பாருங்கள் என்று காட்டினார். பச்சைப் பசேலென்று முளைத்திருந்தது. அவள் மண்டியிட்டு அதைத் தொட்டுப் பார்த்தாள். நன்றாகத்தான் வேர் விட்டிருந்தது.