முகம் பார்க்காத நாற்காலி

பேருந்துப் பணிமனையில் அவளை எல்லோரும் ‘ஊசியக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். காக்கிக் கோட்டின் காலரில் எப்போதும் ஒரு வளைந்த ஊசி குத்தியிருக்கும். பேச்சு குறைவு, பேசினால் சுருக்கென்று இருக்கும் என்பதும் ஒரு காரணம். இருபத்திரண்டு வருஷமாக அவளுக்கு ஒரே வேலை. கிழிந்து வரும் இருக்கைகளைப் பிரித்து, நைந்த ஸ்பாஞ்சை மாற்றி, புது ரெக்சினை இழுத்துப் பிடித்துத் தைத்து அனுப்ப வேண்டும். கிழிசலைப் பார்த்தே கதை சொல்லிவிடுவாள். பின் பாக்கெட்டில் சாவிக்கொத்து வைத்திருந்தவன் கிழித்தது குட்டையாக, ஆழமாக இருக்கும். பரீட்சைக்குப் போகும் பிள்ளைகள் பேனாவால் குத்திய ஓட்டைகள் வரிசை கட்டி நிற்கும்.

“இந்த ஊர்ல பாதிப் பேரோட மூஞ்சி எனக்குத் தெரியாது. ஆனா எப்படி உட்காருவாங்கன்னு தெரியும்” என்பாள்.

வேலையில் அவளுக்கு ஒரு குறையும் இல்லை. தகராறெல்லாம் வீட்டில், ஜன்னலோரத்தில். முழங்கால் ஆபரேஷன் முடிந்து ‘ரெண்டே ரெண்டு வாரம்’ தங்கிப் போகிறேன் என்று வந்த நாத்தனார், நாலாவது வருஷமாகத் தங்கியிருந்தார். முப்பது வருஷம் டெலிபோன் ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரையே பேசவைத்துக்கொண்டிருந்த மனுஷிக்கு இப்போது பேசக் கிடைத்தது தம்பி பெண்டாட்டி ஒருத்திதான்.

அந்த வீட்டுக்குள் காற்று வரும் இடமும் ஒன்றுதான். சாயங்காலமானால் இருவருக்கும் அங்கேதான் உட்கார வேண்டும். நாத்தனாருக்குக் குறுக்கெழுத்துப் போட பளிச்சென்று வெளிச்சம் வேண்டும். நாள் முழுக்க ட்யூப்லைட்டுக்குக் கீழே கண்ணைத் தேய்த்துவிட்டு வந்தவளுக்கு இருட்டு வேண்டும். ஒருவர் விளக்கைப் போட, இன்னொருவர் அணைக்க, நடுவில் ஊசியக்காவின் கணவன் செய்தித்தாளுக்குப் பின்னால் தலையை மறைத்துக்கொண்டு மூச்சுக் காட்டாமல் இருப்பான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஊசியக்கா சமையலறையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தாள். நாத்தனார் பால்கனியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தார். நடுவில் சுவர். எதிர்வீட்டுக்காரர் புதிதாக வைத்திருக்கும் மீசையைப் பற்றி ஆரம்பித்த பேச்சு ஒரு மணி நேரம் ஓடியது. இருவரும் வயிறு குலுங்கச் சிரித்தார்கள். பிறகு நாத்தனார் காலி வாளியோடு உள்ளே வந்தார். முகத்தோடு முகம் பார்த்ததுதான் தாமதம்.

“என்னம்மா, இன்னும் இதைத் தேய்ச்சு முடிக்கலியா?”

“ஏன் அண்ணி, நீங்க வந்து தேய்க்கறதுதானே?”

அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது. ஆனால் அன்றைக்கு ஊசியக்காவின் மனசு சண்டையில் இல்லை. குரலை மட்டும் கேட்டால் சிநேகம், முகத்தைப் பார்த்தால் வம்பு. இது எப்படி என்று யோசித்துக்கொண்டே கையைத் துடைத்தாள்.

மறுவாரம், பணிமனையில் உடைப்பதற்கு ஒதுக்கிய பழைய வண்டி ஒன்றிலிருந்து இரண்டு இருக்கைகளை ஃபோர்மேனிடம் கேட்டு வாங்கினாள். அவள் கணவன் அதே பணிமனையில் வெல்டர். ஒன்று கிழக்கே பார்க்க, ஒன்று மேற்கே பார்க்க, தோளும் தோளும் பக்கத்தில் வரும்படி சட்டங்களைச் சேர்த்துப் பற்றவைக்கச் சொன்னாள்.

“தப்பா சொல்றியா, சரியாத்தான் சொல்றியா? ரெண்டும் வேற வேற பக்கம் பார்க்குதே?”

“அதான் வேணும். நீ ஒட்டு.”

நடுவில் இருவருக்கும் பொதுவாக ஒரு அகலமான கைப்பிடி. பயணிகள் பிடித்துக்கொண்டு நிற்கும் கம்பி ஒன்றை அதில் நட்டு, மேல்முனையை வளைத்து, ஒரு விளக்கைத் தொங்கவிட்டாள். மிச்ச ரெக்சினில் அதற்கு ஒரு கூடு தைத்தாள். வெளியே கறுப்பு, உள்ளே மஞ்சள், ஒரு பக்கம் மட்டும் திறப்பு. வெளிச்சம் நேராக நாத்தனாரின் மடியில் விழுந்தது. இந்தப் பக்கம் சுகமான இருட்டு.

முதல் நாள் சாயங்காலம் இருவரும் உட்கார்ந்து இரண்டரை மணி நேரம் பேசினார்கள். கணவன் சமையலறையிலிருந்து மூன்று தடவை எட்டிப் பார்த்தான். நம்ப முடியவில்லை அவனுக்கு.

அறைகலன், விளக்கு வடிவமைப்புக் கண்காட்சிக்கு விண்ணப்பம் கேட்டு பேப்பரில் வந்த விளம்பரத்தைப் பார்த்தது நாத்தனார். படிவத்தை நிரப்பியதும் அவரே. ‘இந்தப் படைப்பின் நோக்கம்’ என்ற இடத்தில் ‘வீட்டில் அமைதி’ என்று எழுதிப் போட்டார். ஊசியக்காவுக்கு விஷயம் தெரிந்தது, ஏற்றுக்கொண்டதாகக் கடிதம் வந்த பிறகுதான்.

“என்னைக் கேட்காம எப்படி அண்ணி?”

“கேட்டா வேண்டாம்பே. அதான் கேட்கலை.”

புதியவர்களுக்கென்று ஒதுக்கிய இடம் கடைசிக் கூடத்தில், கழிப்பறைக்குப் போகும் வழியில் இருந்தது. நாற்காலியை இறக்கிவைத்துவிட்டு ஊசியக்கா சுற்றிப் பார்க்கக் கிளம்பினாள். அப்படி ஒரு உலகம் இருப்பதே அவளுக்குத் தெரியாது. ஒரே பலகையை ஆவியில் வளைத்துச் செய்த நாற்காலி இருந்தது. பாலை ஊற்றி அப்படியே உறைய வைத்ததுபோல ஒரு மேஜை. கூரையிலிருந்து கண்ணாடிக் குமிழிகளாக இறங்கிய விளக்கு, ஆட்கள் கீழே நடந்தால் மெல்ல வெளிச்சம் கூடி, போனால் மங்கியது. அதன் கீழே நாலு தடவை போய்வந்தாள், சின்னப் பிள்ளை மாதிரி.

பழக்க தோஷம், எதைப் பார்த்தாலும் குனிந்து அடிப்பக்கத்தைப் பார்த்தாள். கூடத்திலேயே பெரிய சோபாவின் அடியில் அவள் தலை இருந்தபோது, அதைச் செய்த தாடிக்காரர் வந்துவிட்டார்.

“மேடம், என்ன பண்றீங்க?”

“தையல் பார்க்கறேன். துணி அருமை. ஆனா இந்த முனையில ஒத்தைத் தையல் போட்டிருக்கீங்க. ஆள் எழுந்திருக்கும்போது கையூன்றுற இடம் இது. எங்க ரூட்ல ஓட்டினா மூணு மாசம் தாங்காது.”

தாடிக்காரருக்கு முகம் சிவந்துவிட்டது. ஆனால் அவளை விரட்டவில்லை. தானும் தரையில் முழங்கால் போட்டு, “எங்க, காட்டுங்க” என்றார்.

அவளுக்கு உயிராகப் பிடித்துப்போனது பக்கத்து அரங்கில் இருந்த ஒரு விளக்கு. மடிப்பு மடிப்பாகக் கையால் தைத்த வெள்ளைத் துணி, ஆள் உயரத்துக்கு. உள்ளே விளக்கு எரியும்போது ஒவ்வொரு மடிப்பும் ஒவ்வொரு வெளுப்பில் தெரிந்தது. தைத்த பெண் ஆறு மாதம் அதோடு கிடந்தவள். தையலின் ஓரத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஊசியக்கா ஒரே வார்த்தை சொன்னாள்: “சுத்தம்.” அந்தப் பெண்ணுக்குக் கண் கலங்கிவிட்டது.

முதல் நாள் முழுக்க இவர்கள் நாற்காலியில் ஒருவரும் உட்காரவில்லை. கழிப்பறைக்குப் போகிற அவசரத்தில் பார்த்துக்கொண்டே போனார்கள். ‘தொடாதீர்கள்’ என்று நிர்வாகம் வைத்திருந்த அட்டையை மறுநாள் காலை நாத்தனார் திருப்பிவைத்து, பின்பக்கத்தில் பெரிதாக எழுதினார்: ‘சும்மா உட்காருங்க.’

மத்தியானம் நடுவர்கள் இரண்டு பேர் அந்த வழியாக வந்தார்கள். ஒரு பெரியவர், ஒரு நடுவயதுப் பெண். இந்த வருஷத்துப் பரிசு யாருக்கு என்று வரும்போதே காரசாரமாக வாக்குவாதம். இவர் ஒன்று சொல்ல, அந்த அம்மா வேறொன்று சொல்ல, குரல் கூடம் முழுக்கக் கேட்டது.

“ஏங்க, கால் கடுக்க நின்னுக்கிட்டா சண்டை போடுவாங்க? உட்கார்ந்து போடுங்க, இடம் இருக்கு” என்றார் நாத்தனார்.

அவர்கள் உட்கார்ந்தார்கள். குரல் தணிந்தது. கொஞ்ச நேரத்தில் பெரியவர் சிரிக்கும் சத்தம் கேட்டது. அந்த அம்மா காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்து எதையோ படித்துக்காட்டினார். இருபது நிமிஷம் கழித்து எழுந்து, ஒரே மனதாகக் கை குலுக்கிக்கொண்டு போனார்கள். நாத்தனார் புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார். மேடையேறத் தயார்.

சாயங்காலம் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். பரிசு, துணி மடிப்பு விளக்குக்கு.

“இது என்ன அக்கிரமம்!” என்று நாத்தனார் கொதித்தார். “உட்கார்ந்தது நம்ம நாற்காலியில, பரிசு பக்கத்து வீட்டுக்கா? தெரிஞ்சிருந்தா எழுந்து போங்கன்னு சொல்லியிருப்பேனே!”

ஊசியக்கா அதற்குள் விழுந்து விழுந்து சிரிக்க ஆரம்பித்திருந்தாள். கண்ணில் தண்ணீர் வர, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவளுக்கு உண்மையிலேயே வருத்தம் இல்லை. அந்தத் தையலைத் தொட்டுப் பார்த்தவள் அவள். ஓடிப்போய் அந்தப் பெண்ணைக் கட்டிக்கொண்டுவிட்டு வந்தாள்.

வந்து பார்த்தால் நடுவர் அம்மா திரும்பி வந்து நாற்காலியில் சாய்ந்திருந்தார்.

“எனக்கும் அவருக்கும் பதினோரு வருஷமா ஒத்துவந்ததே இல்ல. இன்னிக்குத்தான் முதல் தடவை. இதை எங்க ஆபீஸ்ல போடணும். குடுப்பீங்களா?”

ஊசியக்கா வாயைத் திறக்குமுன் நாத்தனார் முந்திக்கொண்டார். “எடுத்துக்கிட்டுப் போங்க. யார் செஞ்சதுன்னு மட்டும் கேக்கறவங்களுக்குச் சொல்லுங்க.”

அந்த அம்மா சொல்லத்தான் செய்தார். ஒரே கடையை நடத்தும் அண்ணன் தம்பி, தங்களுக்கும் அதே மாதிரி ஒன்று வேண்டும் என்று வந்தார்கள். கல்யாணமாகி நாற்பது வருஷமான தம்பதி வந்தார்கள், யாருக்கு எந்தப் பக்கம் என்று வாசலிலேயே தகராறு. சோபா தாடிக்காரர் சனிக்கிழமைகளில் தையல் பழக வந்து உட்கார்ந்தார். தொலைபேசி எல்லாம் நாத்தனார் பொறுப்பு. ‘ஒரு நிமிஷம் லைன்ல இருங்க’ என்று அவர் சொல்லும்போது குரலில் இருபது வயசு குறைந்திருக்கும்.

இத்தனைக்கும் நடுவில் வீட்டு ஜன்னலோரம் மட்டும் காலியாகக் கிடந்தது. ஆறாவது வாரம்தான் தங்களுக்கென்று ஒன்று செய்ய ஊசியக்காவுக்கு நேரம் கிடைத்தது. சிவப்பு ரெக்சின்தான் வேண்டும் என்றார் நாத்தனார். நீலம்தான் என்றாள் இவள். ஒரு பக்கம் சிவப்பும் ஒரு பக்கம் நீலமுமாகத் தைத்து முடித்தபோது, அவளுக்கே சிவப்புப் பக்கம்தான் பிடித்திருந்தது. அதை அண்ணியிடம் சொல்லவில்லை.