நான் பிரசங்கத்தில் சாகடித்த பிள்ளை

ரொறன்ரோவில் ஆராதனை முடிந்து வாசலில் நின்றால், வெள்ளைக்காரர் கையைக் குலுக்கி, "பிரசங்கத்தை நன்றாக ரசித்தோம்" என்பார்கள். படம் பார்த்துவிட்டு வருகிறவர்கள் மாதிரி! ஊரில், கனகராயன்குளத்தில் ஒரு தகரக் கொட்டிலில் நான் ஊழியம் செய்த காலத்தில் ஒருத்தரும் ரசிக்கவில்லை. பிரசங்கம் முடிந்ததும் முன்னுக்கு வந்து, நோயையும் காணாமற்போன பிள்ளையையும் சொல்லி ஜெபம் கேட்பார்கள். இங்கே நான் வேதாகமக் கல்லூரியில் பிரசங்கக்கலைப் பேராசிரியர். "கதை சொல்லுங்கள், கதைக்கு முடிவு வையுங்கள், இல்லாவிட்டால் சனம் வெறுங்கையோடு போகும்" என்று வாய் கிழியப் படிப்பிக்கிறேன்.

என் கைவசம் இருந்த நல்ல கதை புஷ்பமக்காவுடையது. என் பழைய சபை விசுவாசி. யுத்தத்தின் கடைசிக் கிழமையில் மகன் ஜீவன் காணாமற்போனான். ஞாயிறுதோறும் அவனுடைய படத்தை என் கையில் தந்து ஜெபிக்கச் சொல்லுவா. அந்தக் கதைக்கு முடிவில்லை. அதனால் நானே ஒன்று வைத்தேன்: மகன் இறந்த செய்தி வருகிறது, தாய் முழங்காலில் நின்று ஸ்தோத்திரம் சொல்கிறா. கேட்டவர்கள் அழுதார்கள். இங்குள்ள தமிழ்ச் சபையிலும் அதையே சொன்னேன். அவர்கள் யூரியூப்பில் போட்டார்கள். பெயரைக்கூட நான் மாற்றவில்லை, மூதேவி.

போன வருசம் ஊருக்குப் போனபோது புஷ்பமக்கா சபை வாசலிலேயே மறித்தா.

"பாஸ்ரர், உங்கட பிரசங்கத்தை மருமகள் போனில போட்டுக் காட்டினவள். பெடியன் செத்துப்போனான் எண்டு சொன்னனீங்கள். உங்களுக்கு ஆர் சொன்னது? எந்த மண்ணில தாட்டவங்களாம்?"

அப்போதுதான் விளங்கியது. வெளிநாட்டுப் பேராசிரியருக்குப் பெரிய இடத்துச் செய்தி வந்திருக்கும் என்று நம்பி, மகனுக்கு நினைவு ஆராதனையும் வைத்துவிட்டா. காணாமற்போனோரின் தாய்மார் குந்தியிருக்கும் போராட்டப் பந்தலுக்குப் போவதையும் விட்டுவிட்டா.

"ஒருத்தரும் சொல்லேல்ல அக்கா. பிரசங்கத்துக்காக நான்தான் சேர்த்தனான். பொய்."

அடிப்பா என்று நினைத்தேன். அடித்திருந்தால் மனம் கொஞ்சம் ஆறியிருக்கும். அவாவோ என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "பொய்யோ? ஸ்தோத்திரம் ஆண்டவரே! அப்ப அவன் இருக்கிறான்" என்று குழறி அழுதா. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அங்க போய் உங்கட சனத்துக்குச் சொல்லுங்கோ பாஸ்ரர், என்ர பிள்ளை உயிரோட இருக்கிறான் எண்டு" என்றா. "ஓம் அக்கா" என்றேன். வெட்கங்கெட்ட வாய்.

திரும்பி வந்ததும் யூரியூப்பிலிருந்து காணொளியை நீக்குவித்தேன். வகுப்பில் நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். முன்வரிசையில் இருந்த வெள்ளைக்கார மாணவன் கண் கலங்கி, "அற்புதம்! அந்த மகன் உயிரோடு கிடைத்துவிட்டானா?" என்று கேட்டான். இல்லை, யாருக்கும் ஒன்றும் தெரியாது என்று விளங்கப்படுத்தினேன். அவனுக்கு விளங்கவில்லை. பதினைந்து வருசத்துக்கு மேலாக ஒரு தாய் தெரியாமலே இருப்பதை எந்த ஆங்கிலத்தில் சொல்வது?

இங்கே ஞாயிறு விடிய, அங்கே பின்னேரம். புஷ்பமக்கா மறுபடியும் பந்தலுக்குப் போகிறா; அங்கேயிருந்து வந்து என்னைப் போனில் கூப்பிடுவா.

"சொல்லிப்போட்டீங்களோ பாஸ்ரர்?"

"இண்டைக்குச் சொல்லுறன் அக்கா."

போனை வைத்துவிட்டு மேடைக்கு ஏறுகிறேன். அவன் செத்தான் என்று அந்தத் தாய்க்குச் சொல்லவும் வாய் வரவில்லை. இருக்கிறான் என்று இந்தச் சனத்துக்குச் சொல்லவும் வாய் வரவில்லை. சபை வேதாகமத்தைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறது.