சளி கொடுக்க வந்த அக்கா

கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஓர் அரசு சுகாதார நிலையத்தில் எனக்கு ஆய்வக வேலை. காலையில் வந்ததும் சோதனைக்கு வரும் சளி டப்பாக்களை வாங்கி வைக்க வேண்டும். மூச்சை அடக்கிக்கொண்டுதான் மூடியைத் திறப்பேன்.

புதுவாயலிலிருந்து ஓர் அக்கா வந்தார். இரும்பு ஆலையில் பழைய இரும்பைத் தரம் பிரிப்பவர். ஒரு மாதமாக இருமல். முதல் இரண்டு முறையும் அவர் கொடுத்த டப்பாவில் வெறும் எச்சில்தான் இருந்தது. மூன்றாவது முறையும் அப்படியே கொண்டுவரவும் எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"நெஞ்சுலேர்ந்து சளி வரணும்க்கா. நல்லா இருமித் துப்புங்க."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "ஊட்ல துப்புனா எல்லாரும் மூஞ்சிய சுளிக்கிறாங்க மேடம். முழுங்கி முழுங்கியே பழகிட்டேன்."

அன்று சென்னையிலிருந்து ஓர் ஆராய்ச்சி மாணவி வந்திருந்தாள். அவள் அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். "உங்களுக்குச் சம்மதம்னா, உங்க சளி எனக்கும் கொஞ்சம் வேணும்க்கா."

"என் சளியா? அதுல இன்னா கீது?"

"பெப்டைடுன்னு ஒண்ணு இருக்கு. புரதத்தோட சின்னச் சின்னத் துண்டு. நம்ம மூச்சுக்குழாயே அதைச் செஞ்சு சளியில விடுது. உள்ள வர்ற கிருமியை ஓட்டை போட்டுக் கொல்லப் பார்க்கும். எல்லாத்தையும் கொல்ல முடியாதுதான்."

அக்கா கையிலிருந்த டப்பாவை உற்றுப் பார்த்தார். பிறகு, "இத்தினி நாளா அது எனுக்காக சண்ட போட்டுக்கினு இருந்துச்சா? அசிங்கம்னு நெனச்சேனே" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. நானும் அப்படித்தானே நினைத்திருந்தேன்.

கட்டடத்துக்கு வெளியே, காற்றோட்டமான இடத்துக்கு அவரை அழைத்துப் போனேன். யாரும் அந்தப் பக்கம் வராமல் பார்த்துக்கொண்டு, திரும்பி நின்றேன். வெகுநேரம் இருமினார். இந்த முறை கெட்டியான சளி வந்தது.

காசநோய் என்று உறுதியானது. "வேலைய வுட்டு நிறுத்திடுவாங்களே!" என்று அழுதார். அவர் கணவரை வரச் சொல்லி, மாத்திரையை நடுவில் விடக்கூடாது, ஒழுங்காகச் சாப்பிட்டால் குணமாகிவிடும் என்று விளக்கினேன். ஆறு மாதமும் கணவர்தான் சமைத்தார், மாத்திரையை எடுத்துக் கொடுத்தார். மூன்றாம் மாதம் அக்கா வேலைக்கும் திரும்பினார்.

மாணவியின் ஆராய்ச்சி என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியவில்லை. அக்காவின் கடைசிச் சோதனையில் கிருமி இல்லை. சொன்னதும் கணவரின் கையைப் பிடித்து இழுத்தார். "வாய்யா, மொதல்ல நாஷ்டா துன்லாம். பசி உயிர் போவுது."